சாமி மேடை வரைபடம்: டிஎக்ஸ்எஃப் உள்ளே வந்தது, அலமாரி வரவில்லை

சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | திங்கள் இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து டேபிள் சாவில் அறுத்துத்தான் அலமாரி செய்தோம். போன வருடம் கேபினட் மென்பொருள் ஒன்று வாங்கினேன். வெட்டுவதற்கு ஈப்போவில் சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம், வைத்திருக்கும் ஒரு கடைக்கு ஃபைலை அனுப்பிவிடுவேன். சமையலறை கேபினட், துணி அலமாரி எல்லாம் மென்பொருளுக்குள்ளேயே அமைத்துவிடுவதால் இதுவரை சிக்கல் வந்ததில்லை.

இப்போது ஒரு சாமி மேடை வந்திருக்கிறது. கேட்டவர் முப்பது வருடம் பால்மரம் சீவிய ஓர் அம்மா. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு, இப்போது தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறார். லயத்து வீட்டில் சுவரில் அடித்த ஒற்றைப் பலகைதான் சாமித் தட்டு. புது வீட்டில் ஒழுங்கான மேடை வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளில் வரைந்து, டிஎக்ஸ்எஃப் என்ற வரைபட ஃபைலாக அனுப்பியிருக்கிறாள். கீழே இரண்டு கதவு வைத்த பெட்டி. கதவில் அம்மா தினமும் போடும் சிக்குக் கோலம். மேலே திருவாசி மாதிரி அரைவட்ட வளைவு. பின்பலகையில் ‘ஓம்’.

இதை உள்ளே இழுத்தால் 1200 மி.மீ அகலம் 30480 என்று காட்டுகிறது. சரி என்று குத்துமதிப்பாகச் சுருக்கிப் பார்த்தேன். அப்புறம் வளைவைப் பார்த்தால் பக்கம் பக்கமாக வெட்டுப்பட்டுத் தெரிகிறது. கதவு, பக்கப்பலகை எதையும் மென்பொருள் பலகையாக எடுத்துக்கொள்ள மறுக்கிறது, மூடிய வடிவம் இல்லை என்கிறது. லேயர் (வரைபட அடுக்கு) பெயர்களைத் தமிழில் வைத்திருந்தாளாம், எனக்கு அவை குறியும் எண்ணுமாக வந்திருக்கின்றன. அவசரத்தில் அப்படியே கடைக்கு அனுப்பி ஒரு பலகை வெட்டிப் பார்த்தோம். இயந்திரம் ஒரே கோட்டில் இரண்டு தடவை போனது. இரண்டாம் தடவை துண்டு கழன்று நடுங்கி, ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது. ஒரு முழு பிளைவூட் போச்சு.

அந்த அம்மா வாரா வாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


வெட்டுக்காரன்_கிள்ளான் | கிள்ளான் | திங்கள் இரவு 9.40

அண்ணே, 30480-ஐ 1200-ஆல் வகுத்துப் பாருங்கள். 25.4 வரும். ஓர் அங்குலத்துக்கு 25.4 மி.மீ. மகள் வரைந்தது மி.மீ-ல், உங்கள் மென்பொருள் அதை அங்குலம் என்று படித்திருக்கிறது. குத்துமதிப்பாகச் சுருக்காதீர்கள், 25.4-ஆல் வகுங்கள். நான் இயந்திரம் ஓட்டுபவன். எங்களிடம் வரும் ஃபைல்களில் அளவு கெட்டிருந்தால் பெரும்பாலும் 25.4, இல்லாவிட்டால் 10, 304.8, 1000 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வேறு எண் வந்தால் யாரோ கையால் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டிஎக்ஸ்எஃப் வெறும் எழுத்து ஃபைல்தான். பெரும்பாலும் நோட்பேடில் திறக்கும். மேல் பகுதியில் ‘இன்ஸ்யூனிட்ஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குக் கீழே 70 என்று ஒரு வரி, அதற்கும் கீழே ஓர் எண். 4 என்றால் மி.மீ, 1 என்றால் அங்குலம், 5 செ.மீ, 6 மீட்டர், 0 என்றால் அலகே சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.


சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | திங்கள் இரவு 10.05

தேடிவிட்டேன் தம்பி. அந்தச் சொல்லே இல்லை. மேலே ‘ஏசி1009’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது.


கோடுகாரி | கூலிம் | செவ்வாய் காலை 7.30

ஏசி1009 என்பதில்தான் விடை இருக்கிறது. அது ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் 12-ஆம் பதிப்பான ஆர்12 வடிவம். டிஎக்ஸ்எஃப் 1982-ல் ஆட்டோகேட்டோடு பிறந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பதிப்பும் புதிது புதிதாக எதையாவது சேர்த்துக்கொண்டே வந்தது. ஆர்12 வந்தது 1992-ல். அலகைச் சொல்லும் அந்த வரி பிற்பாடு 2000 பதிப்பில்தான் சேர்ந்தது, அதன் அடையாளம் ஏசி1015. ஆக, ஆர்12-ல் சேமித்த ஃபைலில் 1200 என்ற எண் இருக்கும், அது எந்த அலகு என்பது இருக்காது. படிக்கும் மென்பொருள் தன் அமைப்பில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். உங்களுடையது அங்குலத்தில் அமைந்திருக்கிறது. அமைப்பை மி.மீ-க்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த ஃபைலிலும் இதே கதைதான்.

தமிழ் லேயர் பெயர் கெட்டதற்கும் காரணம் இதுதான். 2007 பதிப்பிலிருந்துதான் டிஎக்ஸ்எஃப் யூனிகோடு எழுத்துகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய வடிவத்தில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. நமக்கு மனசு தமிழில்தான் பெயர் வைக்கச் சொல்லும். ஆனால் வெட்டும் ஃபைலில் லேயர் பெயரைப் படிக்கப்போவது இயந்திரம். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன். நான் யாருக்கு ஃபைல் அனுப்பினாலும் மூலையில் சரியாக 100 மி.மீ பக்கமுள்ள ஒரு சதுரத்தைத் தனி லேயரில் போட்டுவிடுவேன். வாங்குபவர் உள்ளே இழுத்ததும் முதலில் அதை அளக்க வேண்டும். 100 இருந்தால் மேலே போகலாம். ஃபைல் எந்தப் பதிப்பாக இருந்தாலும் இந்தச் சதுரம் பொய் சொல்லாது.


தாப்பா_தம்பி | தாப்பா | செவ்வாய் காலை 8.15

அக்கா ஒரு சந்தேகம். நான் கேபினட் வேலை இப்போதுதான் பழகுகிறேன். எல்லோரும் ‘ஆர்12-ல் சேமி, அதுதான் பத்திரம்’ என்று சொல்லித்தருகிறார்களே?


கோடுகாரி | கூலிம் | செவ்வாய் மதியம் 1.10

காரணம் இல்லாமல் சொல்லவில்லை தம்பி. ஆர்12-ல் ஸ்ப்ளைன் என்ற நெளிகோடே கிடையாது. அது ஆர்13-ல் வந்தது. பல வெட்டு மென்பொருள்களுக்கு ஸ்ப்ளைன் புரியாது, சிலவற்றில் அந்தக் கோடே காணாமல் போகும். ஆர்12-ல் சேமித்தால் ஸ்ப்ளைன் எல்லாம் பாலிலைனாக, அதாவது துண்டு துண்டாகக் கோத்த தொடர்கோடாக, மாறிவிடும், எதுவும் காணாமல் போகாது. அதனால் அந்தப் பேச்சு வந்தது.

ஆனால் மாறும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நெளிவு ஐம்பது, நூறு குட்டி நேர்கோடுகளாக உடையும். அலகும் போய்விடும். கோடு காணாமல் போகாது என்ற ஓர் உறுதிக்காக இரண்டு இழப்பு. எனக்கு 2000 வடிவம்தான் நடுத்தரமாகப் படுகிறது. ஸ்ப்ளைனை மட்டும் சேமிப்பதற்கு முன்பே நானே வட்டவில்லாக வரைந்துவிடுவேன்.


வெட்டுக்காரன்_கிள்ளான் | கிள்ளான் | செவ்வாய் மதியம் 1.32

அக்கா சொன்ன குட்டிக் கோடுகளை இயந்திரத்துப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒவ்வொரு கோடு முடியும் இடத்திலும் திசை மாறுகிறது. இயந்திரத்தை ஓட்டும் கன்ட்ரோலர் பழசாக இருந்தால் ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்துக் கூட்டும். ரவுட்டர் தலை விக்கி விக்கிப் போகும் சத்தம் கேட்கும். பிட்டு என்னும் வெட்டுமுனை ஒரே இடத்தில் தங்கித் தேய்வதால், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை கருகும். உண்மையான வட்டவில்லாக இருந்தால் ஒரே கட்டளையில் வழுக்கிக்கொண்டு போகும்.


பாகாவ்_பட்டறை | பாகாவ் | செவ்வாய் இரவு 8.50

தம்பி தச்சரே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அலகு, வட்டவில் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மேடையில் எதற்காக எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறீர்கள்?

மகள் வரைந்தது கண்ணுக்கான படம். முன்னால் நின்று பார்த்தால் மேடை எப்படித் தெரியும் என்று காட்டுகிறது. அதில் கதவுக்குப் பின்னால் இருக்கும் பக்கப்பலகையின் முழு உருவம் எங்கே? முன்பக்கத் தோற்றத்தில் பக்கப்பலகை 18 மி.மீ அகலக் கீற்றாகத்தான் தெரியும். அதை மென்பொருள் பலகை என்று எப்படி எடுத்துக்கொள்ளும்? அதற்கு வேண்டியது படுக்கப்போட்ட பலகை ஒவ்வொன்றின் வெளிக்கோடு. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தகவல் அதில் இல்லை.

கீழ்ப்பெட்டியை மென்பொருளிலேயே புதிதாகப் போடுங்கள். அகலம், உயரம், ஆழம் மூன்று எண்ணையும் மகளின் படத்திலிருந்து அளந்து தட்டினால் போதும், அரை மணி நேர வேலை. அப்படிப் போட்டால்தான் பலகைத் தடிமனை மாற்றும்போது தட்டும் அது செருகும் பள்ளமும் கூடவே மாறும். தட்டு ஆணிக்கான 5 மி.மீ துளைகள் 32 மி.மீ இடைவெளியில், முன்ஓரத்திலிருந்து 37-ல் தானாக விழும். கீலுக்கு 35 மி.மீ குழி கதவு உயரத்துக்கு ஏற்ப வந்துவிடும். ஓரத்தில் எட்ஜிங் பட்டை 1 மி.மீ ஒட்டினால் பலகை அளவில் அதைக் கழித்துக்கொள்ளும். இழுத்துவந்த கோட்டுக்கு இதில் ஒன்றும் தெரியாது. 18 என்று வரைந்த பள்ளம் 18-ஆகவே கிடக்கும். கையில் உள்ள பிளைவூட்டை காலிப்பரில் அளந்து பாருங்கள், 18 இருக்காது. நான் வாங்கியதில் 17.3, 17.5 எல்லாம் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளால் போட முடியாதது மூன்றுதான்: வளைவு, கோலம், ஓம். அந்த மூன்றை மட்டும் தனித்தனி ஃபைலாக உள்ளே கொண்டுவாருங்கள். பதினைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். முழு அலமாரியை இழுத்துவந்து திருத்தி நேரம் மிச்சப்பட்டதாக ஒரு தடவைகூட எனக்கு நடந்ததில்லை.


சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | செவ்வாய் இரவு 9.25

அண்ணன் சொல்வது புரிகிறது. எனக்கு ஒரே தயக்கம். அந்தப் பிள்ளை இரண்டு மாதமாக அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அளவு வைத்திருக்கிறாள். விளக்கு வைக்கும் தட்டு அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு, சாமி படம் கண் உயரத்துக்கு. நான் திரும்பப் போடும்போது அது மாறிவிடக் கூடாது.


பாகாவ்_பட்டறை | பாகாவ் | செவ்வாய் இரவு 9.41

மாறாது. அவள் ஃபைலை 25.4-ஆல் வகுத்துச் சரியாக்கியதும் அதை ஒரு பின்னணிப் படமாக வைத்துக்கொள்ளுங்கள், அளவெடுக்க மட்டும். ஒவ்வொரு எண்ணையும் தாளில் எழுதி அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ வாங்குங்கள். கோட்டைவிட அந்த எண்கள்தான் அவளுடைய உழைப்பு.


கோடுகாரி | கூலிம் | செவ்வாய் இரவு 10.20

பாகாவ் அண்ணன் பேச்சை அப்படியே ஏற்கிறேன். இப்போது வளைவு.

ஸ்கெட்ச்அப்பில் வட்டம் என்பது உண்மையில் பலகோணம். சும்மா போட்டால் வட்டத்துக்கு 24 பக்கம், வளைகோட்டுக்கு 12 துண்டு. திரையில் வழவழப்பாகத் தெரியும், டிஎக்ஸ்எஃப்பாக வெளியே வரும்போது நேர்கோடுகளாக வந்துவிடும். உங்கள் வளைவு அரைவட்டம், ஆரம் 450 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 துண்டு என்றால் துண்டுக்கு 15 பாகை. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் உண்மையான வட்டத்துக்கும் நேர்கோட்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 3.8 மி.மீ. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, சாமிக்கு மேலேயே தெரியும். அதே கணக்கில் 35 மி.மீ கீல் குழிக்குப் பக்கத்துக்கு 0.15 மி.மீதான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மென்பொருள் அதை வட்டமாக அடையாளம் காணாமல் துளை போடாது, அது வேறு தொல்லை. கீல் குழியைப் படத்திலிருந்து எடுக்காதீர்கள்.

மகளிடம் துண்டு எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லலாம். அப்போதும் அது நேர்கோடுகள்தான், வெட்டுக்காரத் தம்பி சொன்ன விக்கல் வரும். நல்ல வழி, நீங்களே அதே இரண்டு முனையையும் உச்சியையும் பிடித்து மூன்று புள்ளி வட்டவில் ஒன்றை மேலே வரைந்து, பழைய 12 துண்டை அழித்துவிடுவது. ஒரு நிமிடம் ஆகும். பாலிலைனுக்குள் வட்டவில்லை டிஎக்ஸ்எஃப் ஒரே ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 0 என்றால் நேர்கோடு, 1 என்றால் அரைவட்டம். அவ்வளவு எளிமையான ஒன்றை நூறு துண்டாக உடைத்துவிட்டுப் பிறகு நாம் திண்டாடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரட்டை வெட்டுக்கு வருகிறேன். அவள் அனுப்பியது முப்பரிமாணக் கோப்பாக இருக்க வேண்டும். பக்கப்பலகைக்கு முன்ஓரம் ஒரு கோடு, பின்ஓரம் ஒரு கோடு. முன்னால் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. ஆட்டோகேட்டில் ஒரு கோட்டைத் தொட்டு அதன் இசட் (முன்பின் ஆழ) அளவைப் பாருங்கள். ஒன்று 0, இன்னொன்று மேடையின் ஆழமாக இருக்கும். இரட்டைக் கோட்டை நீக்கும் ‘ஓவர்கில்’ கட்டளை இப்படியே போட்டால் வேலை செய்யாது, அதற்கு இவை வேறு வேறு உயரத்தில் உள்ள கோடுகள். முதலில் ‘ஃபிளாட்டன்’ கொடுத்து எல்லாவற்றையும் 0-க்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் ஓவர்கில். இந்த வரிசை மாறினால் பயனில்லை.


சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | புதன் காலை 6.50

விடியற்காலையில் பார்த்தேன். அக்கா சொன்னபடியே ஒரு கோடு 0, இன்னொன்று 450. இரண்டு நாளாக இதற்காகத் தூங்கவில்லை. ரொம்ப நன்றி.

வளைவையும் மூன்று புள்ளியில் வரைந்துவிட்டேன். ஆனாலும் மூடிய வடிவம் இல்லை என்றுதான் சொல்கிறது.


வெட்டுக்காரன்_கிள்ளான் | கிள்ளான் | புதன் காலை 7.15

முனைகள் தொடவில்லை அண்ணே. பழைய புள்ளி நேர்கோட்டில் இருந்தது, புது வட்டவில் அதிலிருந்து 0.02 தள்ளி நிற்கும். கோட்டைத் திருத்தும் பெடிட் கட்டளையில் ஜாயின் (சேர்) கொடுக்கும்போது 0.1 மி.மீ வரை இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு மேல் வைத்தால் வேறு எதையாவது சேர்த்து ஒட்டிவிடும். எங்கே ஓட்டை என்று தெரியவில்லை என்றால் உள்ளே ஹேட்ச் நிரப்பிப் பாருங்கள், ஒழுகும் இடத்தை ஆட்டோகேட் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும்.


சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | புதன் காலை 9.30

மூடிவிட்டது! வளைவு பலகையாக உள்ளே வந்துவிட்டது. இனி கோலம். கதவு எம்டிஎஃப், கோலத்தைச் சல்லடையாக வெட்டி ஊடே தெரிகிற மாதிரி செய்யலாம் என்று மகள் சொல்கிறாள். அதற்கு ஃபைலை எப்படிச் சரிசெய்வது?


பாகாவ்_பட்டறை | பாகாவ் | புதன் மதியம் 12.40

அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். சிக்குக் கோலம் ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டில் பிட்டு ஊடுருவிப் போனால் கோட்டுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகக் கழன்று கீழே விழும். கதவில் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். சல்லடை வேண்டுமென்றால் கோடுதான் மரமாக நிற்க வேண்டும், கண்கள்தான் வெட்டுப்பட வேண்டும். அதற்குக் கோட்டின் இரண்டு பக்கமும் 5 மி.மீ தள்ளி இணைகோடு போட்டு, 10 மி.மீ பட்டையாக்கி, குறுக்கே வெட்டும் இடங்களை ஒன்றாக்க வேண்டும். செய்யலாம்.

ஆனால் புள்ளி? சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றித்தான் கோடு போகிறது. புள்ளி கண்ணுக்கு நடுவில் இருக்கிறது. கண்ணை வெட்டி எடுத்தால் புள்ளி காற்றில் நிற்குமா? புள்ளி இல்லாமல் அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அது அவர் போடும் கோலமாக இருக்காது.


தாப்பா_தம்பி | தாப்பா | புதன் மதியம் 1.05

என் அம்மாவிடம் கேட்டேன். புள்ளி இல்லாமல் வைத்தால் அதைக் கோலம் என்றே சொல்ல மாட்டேன் என்றார்.


கோடுகாரி | கூலிம் | புதன் இரவு 9.00

கீழ்ப்பெட்டிக் கதவுதானே, ஊடே தெரிய வேண்டிய அவசியம் என்ன? உள்ளே எண்ணெய், திரி, கற்பூரப் பெட்டிதான் இருக்கப்போகிறது. வெட்டி எடுக்காமல் பள்ளமாகச் செதுக்கிவிடுங்கள். முனை ‘வி’ வடிவில் உள்ள 90 பாகை வி பிட்டு, 3 மி.மீ ஆழம். மேலே பள்ளத்தின் அகலம் 6 மி.மீ வரும், மாக்கோல இழை அளவு. புள்ளிகளை 5 மி.மீ பிட்டால் 2 மி.மீ ஆழத்துக்குத் துளையாக வைத்துவிடலாம். இப்படிச் செய்தால் ஒற்றைக் கோடுதான் சரியான கோடு. இணைகோடு, பட்டை எதுவும் வேண்டாம். பிட்டு கோட்டின் மேலேயே போக வேண்டும், உள்ளே வெளியே என்று எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இதில் ஒரு வேலை இருக்கிறது, அதைக் கையால்தான் செய்ய வேண்டும். ஸ்கெட்ச்அப்பில் இரண்டு கோடு குறுக்கே வெட்டினால் வெட்டும் இடத்தில் இரண்டும் உடைந்துவிடும். கோலத்தில் எத்தனை சிக்கு இருக்கிறதோ அத்தனை இடத்திலும் உடைந்து கிடக்கும். தானாகச் சேர்க்கச் சொன்னால், நான்கு கோடு கூடும் இடத்தில் எது எதனுடைய தொடர்ச்சி என்று மென்பொருளுக்குத் தெரியாது. நேராகப் போகாமல் பக்கவாட்டில் திரும்பிவிடும். முடிவில் கோலம் பத்துப் பதினைந்து தனித்தனிச் சுழியாகச் சேர்ந்திருக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இயந்திரம் ஒவ்வொரு சுழிக்கும் பிட்டைத் தூக்கி இறக்கும், இறங்கும் இடத்திலெல்லாம் ஒரு குத்துத் தெரியும்.

அதனால் ஓர் இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு சிக்கிலும் நேரே கடந்து, அம்மா மாவு விடுகிற வழியிலேயே துண்டுகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒற்றை இழைக் கோலமாக இருந்தால் தொடங்கிய புள்ளிக்கே வந்து மூடும். வழி தெரியவில்லை என்றால் அந்த அம்மாவையே தாளில் ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.


சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | வியாழன் இரவு 10.10

இன்று சாயங்காலம் அம்மா வந்தார். தாளில் போடச் சொன்னேன். தாளில் வராது என்று பட்டறை வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, அங்கேயே போட்டுக் காட்டினார். நான் செல்பேசியில் வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்துத் துண்டுகளைச் சேர்த்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரே பாலிலைன், மூடியது. மகளின் படத்தில் ஒரு சிக்கு தவறிப்போய் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது, அம்மா அந்த இடத்தில் கோட்டை வெளியே கொண்டுபோகிறார், படத்தில் உள்ளே திரும்பியிருந்தது. திருத்திவிட்டேன். பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன்.

ஓம் மட்டும் பாக்கி. என் கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது.


கோடுகாரி | கூலிம் | வெள்ளி காலை 7.20

வீடியோ எடுத்தீர்களே, அதைப் பத்திரமாக வையுங்கள்.

ஓம் எழுத்தாகவே வந்திருக்கிறது, வடிவமாக வரவில்லை. டிஎக்ஸ்எஃப் எழுத்துருவைத் தூக்கிக்கொண்டு வராது. பழைய யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். மகளிடம் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவில் அடித்து, எழுத்தைப் பாதையாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். மாற்றியதும் எழுத்தின் பகுதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் யூனியன் கொடுத்து ஒன்றாக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துக்கு நடுவில் கோடு விழும்.


வெட்டுக்காரன்_கிள்ளான் | கிள்ளான் | வெள்ளி காலை 7.45

எழுத்தின் உள் வளைவுகளைப் பாருங்கள் அண்ணே. 6 மி.மீ பிட்டு 6 மி.மீ-க்குக் குறைந்த சந்துக்குள் நுழையாது, உள்மூலையில் 3 மி.மீ ஆர வளைவை விட்டுவிடும். ஓம் சின்னதாக இருந்தால் வி பிட்டிலேயே செதுக்கச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு லேயருக்கும் எந்தப் பிட்டு, எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். லேயர் பெயரை வைத்து ஆழம் எடுக்கும்படி அவர்கள் அமைத்திருந்தால் அந்தப் பெயரையே அவர்களிடம் கேட்டு வாங்கி வையுங்கள், ஓர் எழுத்து மாறினாலும் எடுக்காது. வளைவு பலகையைக் கடைசிச் சுற்று வரை அடியில் மெல்லிய தோல் விட்டு வெட்டச் சொல்லுங்கள். குறுகலான துண்டை மேசையின் வேக்கும் (காற்றை உறிஞ்சிப் பிடிப்பது) சரியாகப் பிடிக்காது, போன தடவை நடுங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.


பாகாவ்_பட்டறை | பாகாவ் | வெள்ளி காலை 8.30

வளைவை எதில் வெட்டப்போகிறீர்கள்? பிளைவூட் என்றால் வளைந்த ஓரத்தில் எட்ஜிங் ஒட்ட வேண்டும், விளக்குச் சூட்டில் சில வருடத்தில் பெயரும். ரப்பர் மரத்து ஜாயின்ட் பலகை கிடைத்தால் ஓரம் ஓரமாகவே இருக்கும், எண்ணெய் பூசினால் போதும்.


சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | வெள்ளி மதியம் 2.00

அண்ணே, அது எனக்குத் தோன்றவே இல்லை. பால் வற்றிய மரத்தை வெட்டித்தானே அந்தப் பலகை செய்கிறார்கள். முப்பது வருடம் அந்த மரத்தைச் சீவியவர் வீட்டுச் சாமிக்கு மேலே அதே மரம். அம்மாவிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சரி, அதிலேயே செய் என்றார். 18 மி.மீ பலகை வாங்கிவிட்டேன்.


பாகாவ்_பட்டறை | பாகாவ் | வெள்ளி மதியம் 2.20

அப்படியென்றால் கடைக்காரரிடம் சொல்லுங்கள், முதல் சுற்றில் கோட்டுக்கு 1 மி.மீ வெளியே வெட்டிவிட்டு, கடைசிச் சுற்றில் அந்த 1 மி.மீ-ஐ மட்டும் சீவ வேண்டும். அரைவட்டத்தில் பிட்டு ஓர் இடத்தில் நார் வழியே போகும், இன்னோர் இடத்தில் நாருக்கு எதிராகப் போகும். ஒரே மூச்சில் வெட்டினால் எதிர்ப்பக்கம் பிய்யும்.


சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | அடுத்த புதன் இரவு 8.40

வெட்டி வந்துவிட்டது. நேற்று காலை நானே ஈப்போ போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் ஒரு மிச்ச எம்டிஎஃப் துண்டில் 100 மி.மீ சதுரத்தை மட்டும் வெட்டச் சொல்லி காலிப்பரில் அளந்தோம், 100.1. அதற்கப்புறம்தான் பலகையை ஏற்றினோம். கீழ்ப்பெட்டியை அண்ணன் சொன்னபடி மென்பொருளிலேயே போட்டிருந்தேன். வாங்கிய பிளைவூட் 17.4 இருந்தது, எண்ணை மாற்றியதும் பள்ளமெல்லாம் தானாக மாறியது. தட்டு கையால் தள்ளினாலே உட்கார்ந்தது.

வளைவில் ஒரு பக்கம்கூடப் பிய்யவில்லை. கோலத்துக்குப் பிட்டு ஒரு தடவை இறங்கியது, தூக்காமல் முழுக்கச் சுற்றி, இறங்கிய இடத்துக்கே வந்து எழுந்தது. கடையில் வேலை செய்யும் பையன்கள் எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். கடை முதலாளி தவுக்கே அந்த ஃபைலைத் தனக்கும் ஒன்று கேட்டார், அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இனி சாயம். கதவு அடர் மெரூன், கோலப் பள்ளம் வெள்ளை. எதை முதலில் அடிப்பது?


கோடுகாரி | கூலிம் | அடுத்த புதன் இரவு 9.15

பள்ளத்துக்குச் சீலர் முதலில், வெள்ளை கடைசியில். எம்டிஎஃப்பின் மேல்தோல் இறுக்கமாக இருக்கும், செதுக்கிய இடம் பஞ்சு மாதிரி சாயத்தைக் குடிக்கும். சீலரைக் கொஞ்சம் நீர்த்துப் பள்ளத்தில் மட்டும் இரண்டு கை கொடுங்கள், காய்ந்ததும் 320 உப்புத்தாளை மடித்து லேசாக ஓட்டுங்கள். பிறகு கதவு முழுக்க மெரூன் அடித்து முடித்துவிட்டு, கடைசியில் வெள்ளையை மெல்லிய தூரிகையால் பள்ளத்துக்குள் விடுங்கள். மேலே வழிந்தால் ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்துவிடலாம்.


சுங்கை_தச்சன் | சுங்கை சிப்புட் | அடுத்த புதன் இரவு 9.22

சரி அக்கா. வெள்ளையை அம்மாவே விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.